பின்னால் சாயாதே: கடலூரிலிருந்து ஔலிப் பனிமலை வரை

2009 பிப்ரவரி 5, வியாழக்கிழமை, காலை 4.40. செம்மண்டலத்தில் எங்கள் தெருமுனையிலிருந்து பேருந்து நிலையத்துக்கு ஆட்டோக்காரர் ஐம்பது ரூபாய் கேட்டார். அதிகாலை என்றால் ஆட்டோவுக்குத் தனி ராஜ்ஜியம். என் கையில் மடித்து வைத்திருந்த கம்பளிக் கோட்டைப் பார்த்துவிட்டு, "எங்கம்மா, ஊட்டியா?" என்றார்.

"இமயமலை."

"கோயிலுக்குங்களா?"

"இல்ல. பனிச்சறுக்கு கத்துக்கப் போறேன்."

வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நாற்பத்திமூன்று வயது, நூல் புடவை, காலில் ஹவாய் செருப்பு. "தமாஷ் பண்ணாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடி வேகமெடுத்தார். ஊரில் முக்கால்வாசிப் பேர் இதே பதிலைத்தான் ஒரு மாதமாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொன்னார்: "போய்ட்டு வா. ஆனா கீழ விழுந்தா எனக்கு போன் பண்ணாத, நான் சிரிச்சுருவேன்."

நான் முதுநகரில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. பத்தொன்பது வருஷமாகக் கபடி சொல்லித் தருகிறேன். சென்ற அக்டோபரில் சாகச விளையாட்டுத் திட்டம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்டத்துக்கு இரண்டு ஆசிரியர்கள் இமயமலையில் இருக்கும் ஔலிக்குப் போய் ஏழு நாள் பனிச்சறுக்கில் தொடக்கப் பயிற்சி எடுக்கலாம். தேர்ச்சிச் சான்றிதழோடு திரும்பும் ஆசிரியர், அடுத்த குளிர்காலத்தில் தன் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேரை அங்கே அழைத்துப் போகலாம். வெறும் பங்கேற்புச் சான்றிதழ் என்றால் அந்தப் பள்ளிக்கு இடமில்லை. இந்தக் கடைசி வரியை நான் நாலு தடவை படித்தேன். என் கபடிப் பிள்ளைகள் எல்லோரும் துறைமுகத்துக்கும் மீன் மார்க்கெட்டுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள். எத்தனை கோப்பை ஜெயித்தாலும் அவர்களை விழுப்புரத்தைத் தாண்டி யாரும் கூப்பிட்டதில்லை. எட்டுப் பேர்! அன்று மாலையே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

தேர்வுக் கூட்டம் சிதம்பரத்தில் நடந்தது. மாவட்டம் முழுக்க விண்ணப்பித்தது மொத்தமே மூன்று பேர். அதில் ஒருவர் மூட்டுவலி என்று வரவில்லை. மிச்சம் இருந்தது நானும், பரங்கிப்பேட்டைப் பள்ளி ஆசிரியை ஜரீனாவும். முப்பத்தொரு வயது, ஒல்லி, சிரித்த முகம். மாவட்ட விளையாட்டு அலுவலர் அவள் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நல்லதாப் போச்சு! ஜரீனா டீச்சருக்கு உருது தெரியும். அங்க ஹிந்திய சமாளிச்சுக்குவாங்க."

"சார், எனக்கு உருது தெரியாது சார். எங்க வூட்ல எல்லாரும் தமிழ்தான்" என்றாள் ஜரீனா.

"பரவால்ல டீச்சர், அங்க போனா தானா வந்துரும்."

தானா வந்துருமாம்! மொழி என்ன ஜலதோஷமா, காற்று மாறினால் வருவதற்கு? பரங்கிப்பேட்டையில் தலைமுறை தலைமுறையாகத் தமிழைத் தவிர வேறு பேசாத குடும்பம். எனக்கு ரத்தம் கொதித்தது. ஜரீனா என் முழங்கையைக் கிள்ளி, "விடுங்கக்கா. இல்லன்னா இதையும் குடுக்க மாட்டாங்க" என்றாள். அலுவலர் கடைசியாக என்னைப் பார்த்து, "பத்திரமா போய் பனிய பாத்துட்டு வாங்க" என்றார். பார்த்துவிட்டு வாருங்கள். அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

இங்கே என் பிழையையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதற்கு வேறு யாரையும் திட்ட முடியாது. பனிக்குப் போகும் முன் சும்மா இருக்கலாமா, பயிற்சி எடுப்போம் என்று, மூன்று வாரம் தினமும் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். சவுக்குத் தோப்புப் பக்கம் ஆள் உயரத்துக்கு மணல்மேடு இருக்கிறது. ஏறுவேன், சரசரவென்று இறங்குவேன். கடற்கரை ஊர்க்காரர்கள் மணல்மேட்டில் எப்படி இறங்குவோமோ அப்படித்தான்: குதிகாலை அழுத்தி ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து. மூன்றாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் அளவுக்குத் தேறிவிட்டேன். பனி என்றால் என்ன, வெள்ளை மணல்தானே என்று எனக்குள் ஒரு மிதப்பு. ஜரீனாவையும் கூப்பிட்டேன். அவளுக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து வர நேரமில்லை. நல்ல வேளை, அவளாவது தப்பித்தாள்.

5.15. ஜரீனாவை அவள் வாப்பா முதல் பேருந்தில் கொண்டு வந்து விட்டார். ரயிலில் போகலாமே என்று கேட்பவர்களுக்கு: விழுப்புரம் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று எங்கள் ரயிலை நிறுத்தி இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. முதுநகர் சந்திப்பில் ஆடு மேய்கிறது. ஆகவே பேருந்து. சென்னைக்கு 185 கிலோமீட்டர், எழுபத்திரண்டு ரூபாய், நாலரை மணி நேரம், வழியெல்லாம் வீடியோவில் யாரோ யாரையோ அடித்துக்கொண்டே வந்தார்கள்.

பிப்ரவரி 7, சனிக்கிழமை. சென்னையிலிருந்து இரண்டு ராத்திரியும் நடுவில் ஒரு பகலும் ரயில். டில்லியில் இறங்கும்போது காலை 7.30. எதிர் இருக்கையில் வந்த பெரியவர் ஒருவர் வழி முழுக்க ஆங்கிலத்தில் எங்களுக்கு அறிவுரை சொன்னார். மதராஸ்காரர்களுக்குக் குளிர் ஆகாது, ரத்தம் மெல்லியது, பனியில் இரண்டு மணி நேரம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிடுங்கள் என்றார். எங்கள் ரத்தத்தை எப்போது இவர் எடுத்துப் பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு ஜரீனாவின் பெயரைக் கேட்டுவிட்டு மடமடவென்று உருதுவில் ஆரம்பித்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் கொடுத்தேன். சாப்பிடும்போது மனிதர்கள் கொஞ்சம் பேச்சை நிறுத்துவார்கள்.

டில்லியிலிருந்து ஹரித்வாருக்குப் பேருந்தில் ஆறு மணி நேரம். மறுநாள் ஞாயிறு, காலை ஐந்து மணிக்கு அங்கிருந்து ஜோஷிமட்டுக்கு இன்னொரு பேருந்து. 275 கிலோமீட்டர், பன்னிரண்டு மணி நேரம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் அதலபாதாளத்தில் ஆறு. ஓட்டுநர் ஒரு கையில் பீடியும் மறு கையில் ஸ்டியரிங்குமாக வளைவுகளில் திரும்பினார். ஜரீனா துபாயிலிருக்கும் கணவருக்கு போன் செய்தாள், பாதியில் சிக்னல் போய்விட்டது. "மச்சான் சிரிக்கிறாங்கக்கா. துபாய்ல ஒரு பெரிய கடைக்குள்ளயே பனி கொட்டி சறுக்க விடுறாங்களாம். அங்க வந்திருந்தா லிஃப்ட்ல ஏறி பாத்திருக்கலாமேன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சறுக்கி இருக்கீங்களான்னு கேட்டேன். இல்லையாம், வெளிய கண்ணாடி வழியா பாத்தாங்களாம்."

பிப்ரவரி 9, திங்கள். ஜோஷிமட்டிலிருந்து ஔலிக்குச் சாலையில் பதினைந்து கிலோமீட்டர். ஜீப்பில் ஆளுக்கு ஐம்பது ரூபாய். பாதி வழியில் சாலையோரம் வரிசையாகத் தகரக் கொட்டகைகள். ஜீப் தானாக நின்றது. கோட்டு, ரப்பர் பூட்ஸ், கையுறை எல்லாம் சேர்த்து வாடகை நூற்றைம்பது என்றார்கள். எங்களிடம் இருக்கிறது என்றோம். இதைப் போடாமல் மேலே விடமாட்டார்கள் என்றார்கள். யார் விடமாட்டார்கள் என்று கேட்டால் கோட்டை எடுத்து நீட்டினார்கள். ஒருவன் இரண்டு பழைய ஸ்கீ பலகைகளைக் கொண்டு வந்து என் கையில் திணித்து, காமிராவைத் தூக்கினான். பிடித்துக்கொண்டு நில்லுங்கள், ஒரு போட்டோ நாற்பது ரூபாய், ஊருக்குப் போய்க் காட்டலாம்! எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பமே அப்படிப் பலகையைக் கட்டிப்பிடித்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது. நான் பலகையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, என் விசில் குரலில், "நோ போட்டோ. வி வில் டூ" என்றேன். என் ஆங்கிலத்துக்கு அதற்கு மேல் கோபம் வராது.

மேலே போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. வளைவு திரும்பியதும் மொத்த மலையும் வெள்ளை. கோபத்தையெல்லாம் மறந்து வாயைப் பிளந்து நின்றேன், அதை ஏன் மறைக்க வேண்டும். எதிரே நந்தா தேவி சிகரம், வெயிலில் உப்பளம் கண்ணைக் கூச வைக்குமே, அதைப்போலப் பத்து மடங்கு. ஜரீனா குனிந்து ஒரு பிடி பனியை எடுத்து வாயில் போட்டாள். "உப்பு இல்லக்கா" என்று ஏமாந்த மாதிரிச் சொன்னாள்.

பிப்ரவரி 10, பயிற்சியின் முதல் நாள். எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர். டில்லிக் கல்லூரி மாணவர்கள்தான் அதிகம். புடவையை விட்டு முதல் தடவையாக பேன்ட் போட்டவள் நான் ஒருத்திதான். பயிற்சியாளர் பிஷ்ட், உள்ளூர் மலைக்காரர், நாற்பது வயதிருக்கும், வெயிலில் வெந்த முகம். பேசுவது ஹிந்தி, நடுவில் நாலு ஆங்கிலச் சொல். எல்லோரையும் பார்த்தார், ஜரீனாவின் பெயரைக் கேட்டார், "பஹுத் அச்சா" என்று அவளை எனக்கு மொழிபெயர்ப்பாளராக நியமித்தார். அவள், "அக்கா, கைய பாருங்க, கைய பாத்தே புரிஞ்சுக்கலாம்" என்றாள். அப்படித்தான் ஏழு நாளும் ஓட்டினோம்.

பூட்ஸ் என்றால் நாம் நினைக்கிற பூட்ஸ் இல்லை. பிளாஸ்டிக் வாளிக்குள் காலை விட்டு நாலு கொக்கி போட்டு இறுக்கிய மாதிரி. கணுக்கால் அசையாது, நடந்தால் யானை நடை. அதைப் பலகையில் வைத்து அழுத்தினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், நம் கால் நமக்குச் சொந்தமில்லை. முதல் பாடம் சறுக்குவது இல்லை, விழுவது. மேட்டுப் பக்கமாக, பக்கவாட்டில், உட்காருவதுபோல விழ வேண்டும். இரண்டாவது பாடம் எழுந்திருப்பது. இரண்டு பலகையையும் சரிவுக்குக் குறுக்கே, உடம்புக்குக் கீழ்ப்பக்கம் கொண்டு வந்து, கையில் கொடுத்திருக்கும் கோலை ஊன்றி எழ வேண்டும். பலகை கீழ்நோக்கி இருந்தால் எழும்போதே வண்டி கிளம்பிவிடும். காலை முழுக்க விழுந்து எழுந்தோம், விழுந்து எழுந்தோம். பத்தொன்பது வருஷம் பிள்ளைகளுக்கு ஜெயிக்கத்தான் சொல்லிக் கொடுத்தேனே தவிர, விழுவதற்கு ஒரு நாள் பாடம் எடுத்திருக்கிறேனா என்று யோசித்தேன்.

மதியம் சறுக்கல். பலகைகளின் முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, முட்டியை மடக்கி, மெதுவாக இறங்க வேண்டும். அகட்ட அகட்ட வேகம் குறையும். கேட்க எவ்வளவு சுலபம்! கிளம்பினேன். கால் வழுக்கிய அடுத்த நொடி, என்னைக் கேட்காமலே என் உடம்பு தேவனாம்பட்டினத்து மணல்மேட்டுக்குப் போய்விட்டது. குதிகாலை ஊன்றினேன், பின்னால் சாய்ந்தேன். மணலில் அப்படிச் செய்தால் கால் புதைந்து நிற்கும். பனியில் அப்படிச் செய்தால் பலகைகள் குதிரை மாதிரி முன்னால் ஓடும். ஓடின. முதுகு தரையில் அடித்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருபது அடி போனேன்.

"ஆகே! ஆகே!" என்று கத்தினார் பிஷ்ட். முன்னால், முன்னால். இது எனக்கு முதல் நாளே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? தலைக்குப் புரிந்தது, இடுப்புக்குப் புரியவில்லை. மூன்று வாரம் விடியற்காலையில் எழுந்து, வியர்வை வழிய வழிய, தப்பை அல்லவா நான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறேன்! ஒன்றுமே பழகாமல் வந்த ஜரீனா மூன்றாம் நாளே கீழே வரைக்கும் வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை ஒரு டில்லிப் பையனின் ஸ்னோபோர்டைக் கேட்டு வாங்கி, இரண்டு காலையும் ஒரே பலகையில் குறுக்காகப் பூட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். முட்டியில் நாலு முறை, பின்பக்கம் ஆறு முறை விழுந்தாள். பதினோராவது முறை ஒரு தென்னை மர நீளம் சறுக்கிக்கொண்டே போய், "அக்கா, இது நம்ம ஊரு தோணில நிக்கிற மாதிரியே இருக்கு!" என்று கூச்சலிட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததை மறைக்கவும் இல்லை. "நீ கீழ பாத்து வா, அப்புறம் பேசு" என்றேன்.

பிப்ரவரி 14, ஐந்தாம் நாள். என் முகம் எரிய ஆரம்பித்தது. கடலூர் வெயிலில் நாற்பது வருஷம் வராத தோல் உரிப்பு, பனியிலிருந்து திருப்பி அடித்த வெளிச்சத்தில் நாலு நாளில் வந்துவிட்டது. இரண்டு முட்டியும் கத்தரிக்காய் நிறம். காலையில் மட்டும் பதினொரு தடவை விழுந்தேன். பன்னிரண்டாவது தடவை நான் எழுவதற்குள் பிஷ்ட் பக்கத்தில் வந்து நின்றார். கை கொடுத்துத் தூக்கினார். பிறகு ஓரமாகக் கிடந்த மடக்கு நாற்காலியைக் காட்டி, மெதுவாக, குழந்தையிடம் பேசுவதுபோல, "மேடம், நோ டென்ஷன். யூ சிட். சன், டீ, போட்டோ. பார்ட்டிசிபேஷன் சர்டிபிகேட் மிலேகா" என்றார்.

இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நாற்காலியில் உட்கார், வெயில் காய், டீ குடி, போட்டோ எடு, பங்கேற்புச் சான்றிதழோடு ஊருக்குப் போ. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இரக்கத்தில்தான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆட்டோக்காரர் முதல் அலுவலர் வரை, ரயில் பெரியவர் முதல் போட்டோக்காரன் வரை, எல்லோருக்கும் ஒரே எண்ணம்: நாங்களெல்லாம் பனியைப் பார்க்க வேண்டியவர்கள், தொட வேண்டியவர்கள் இல்லை. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என் எட்டுப் பிள்ளைகளையும் சேர்த்து அதில் உட்கார வைத்த மாதிரி. "ஜரீனா, அவர்கிட்ட சொல்லு. நான் உக்கார வரலன்னு சொல்லு" என்றேன்.

"எந்த பாஷைல சொல்றதுக்கா?"

"எந்த பாஷைலயாவது!"

அவள் நாற்காலியை எடுத்தாள், மடக்கினாள், கொண்டுபோய்க் கொட்டகைக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தாள். பிஷ்ட் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தோளைக் குலுக்கி, மேலே போகக் கை காட்டினார்.

பிப்ரவரி 16, கடைசி நாள், காலை 10.00. தேர்வு. மேலே சிவப்புக் கொடியிலிருந்து கீழே நீலக் கோடு வரை சுமார் நூற்றைம்பது மீட்டர். நடுவில் ஐந்து கழி நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து வந்து, கோட்டைத் தாண்டாமல் நிற்க வேண்டும். ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. ஜரீனா முதல் வாய்ப்பிலேயே அலட்டாமல் இறங்கி நின்றுவிட்டாள். நான் இரண்டாவது கழியில் பின்னால் சாய்ந்தேன், கழியையும் அடியோடு பிடுங்கிக்கொண்டு விழுந்தேன். டில்லிப் பையன்கள் சிரித்தார்கள். பிஷ்ட் சிரிக்கவில்லை, கழியைத் திரும்ப நட்டார்.

பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கவாட்டில் படி படியாக மறுபடி ஏறினேன். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது. கொடியருகே நின்று கீழே பார்த்தபோது ஜரீனா கோட்டுக்கு அப்பால் நின்று கையை முன்னால் நீட்டி, முட்டியை மடக்கி, எதையோ செய்து காட்டினாள். இந்த நிலையை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? எங்கேயா! என் பள்ளி மைதானத்தில் தினமும் மாலை நாலரை மணிக்குப் பார்க்கிறேன். எதிராளி கோட்டுக்குள் பாடிக்கொண்டு போகும் பிள்ளை அப்படித்தான் நிற்பாள். முட்டி மடங்கி, கை முன்னால், பாரம் முன்னங்காலில். குதிகாலில் நின்றால் அவ்வளவுதான், பிடித்துவிடுவார்கள். குதிகாலில் நின்ற எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருக்கிறேன்! இங்கே கொடியருகே நிற்கும் இந்த நாற்பத்திமூன்று வயது மக்குப் பிள்ளையை ஆறு நாளாக யாரும் ஒழுங்காகத் திட்டவில்லை, அதுதான் குறை.

கிளம்பினேன். கிளம்பும்போதே வாய்விட்டு ஆரம்பித்தேன். "முட்டிய மடக்குடி! குதிகால்ல நிக்காத! சோறு தின்னல? முன்னால வா, முன்னால வா! பின்னால யாரு கூப்புடறாங்க உன்ன? சாயாத!" மைதானத்தில் கத்தும் அதே குரல், முதுநகர் மேம்பாலம் வரை கேட்கும் என்பார்கள். மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. முதல் கழி போனது. இரண்டாவது கழியில் இடுப்பு வழக்கம்போலப் பின்னால் போகப் பார்த்தது. "அறஞ்சிடுவேன்!" என்றேன், இடுப்பு முன்னால் வந்தது. மூன்று, நான்கு. ஐந்தாவதில் ஒரு கால் விலகி, கோலை ஊன்றி, எப்படியோ திரும்பினேன். பலகைகளை என்னால் ஆன மட்டும் அகட்டினேன். நின்றேன். குனிந்து பார்த்தால் நீலக் கோட்டுக்கும் என் பலகை நுனிக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

ஜரீனா ஓடி வந்து கட்டிக்கொண்டாள், இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். பிஷ்ட் வந்து, நான் வழியெல்லாம் என்ன கத்தினேன், மந்திரமா என்று அவளிடம் கேட்டார். கேள்வி புரிந்ததோ இல்லையோ, அவள் "கபடி" என்றாள். அந்தச் சொல் அவருக்கும் தெரிந்திருந்தது. பலமாகச் சிரித்தார், பிறகு தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு சலாம் போட்டார். மாலையில் கையில் வந்த தாளில் தேர்ச்சி என்று இருந்தது. மூன்று தரத்தில் கடைசித் தரம்தான். இருக்கட்டும். சுற்றறிக்கையில் தரம் எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 23, திங்கள், கடலூர். வீடு வந்து சேர்ந்து ஒரு நாள் தூங்கி எழுந்து, மறுநாளே அலுவலரைப் பார்க்கப் போனேன். மாசி பிறந்த கையோடு வெயில் ஏறியிருந்தது, மின்விசிறி சூட்டைக் கிளறிக்கொண்டிருந்தது. அவர் என் உரிந்த முகத்தைப் பார்த்து, "அடடா, என்ன டீச்சர் இப்படி ஆயிட்டீங்க? பனியெல்லாம் நல்லா பாத்தீங்களா? போட்டோ எடுத்தீங்களா?" என்றார்.

சான்றிதழை மேசையில் வைத்தேன். பக்கத்தில் எட்டுப் பெயர் எழுதிய பட்டியலையும் வைத்தேன். அவர் இரண்டையும் பார்த்தார். "அது வந்து டீச்சர், நான் என்ன யோசிச்சேன்னா, ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைங்கள அனுப்பலாம்னு மேல எழுதலாமா? அதுங்களுக்கு குளிர் பழக்கம். நம்ம புள்ளைங்க கடலோரப் புள்ளைங்க. அதுங்களுக்கு பனி எதுக்கு?"

"ஊட்டில பனிச்சறுக்கு எங்க சார் நடக்குது?"

"இல்ல, குளிரு..."

"குளிருக்கு கோட்டு இருக்கு சார். ஒங்க சுற்றறிக்கைல தேர்ச்சி வாங்கின டீச்சரோட ஸ்கூல் பிள்ளைங்கன்னுதான் இருக்கு. ஊட்டின்னு எழுதியிருந்தா காட்டுங்க, நான் எழுந்து போறேன். நான் இந்த ஊர்லதான் பொறந்தேன், இந்த வெயில்லதான் வெந்தேன். இதோ தேர்ச்சி. இன்னும் என்ன சார் வேணும்?"

என் குரல் பக்கத்து அறைகளுக்கும் போய்விட்டது போலிருக்கிறது, இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். அவர் தண்ணீர் குடித்தார். கீழே விழுந்து கைகால் உடைந்தால் யார் பொறுப்பு, பெற்றோர் கையெழுத்துப் போடுவார்களா, பெண் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்புவார்களா, பத்திரிகையில் வந்தால் என்ன செய்வது என்று வரிசையாகக் கேட்டார். எட்டு வீட்டுச் சம்மதக் கையெழுத்தும் வந்தால் பார்க்கலாம் என்று முடித்தார். எட்டும் வராது என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது.

நான்கு நாளில் ஏழு கையெழுத்து வாங்கிவிட்டேன். எட்டாவது கஸ்தூரியின் அம்மா. கஸ்தூரி ஒன்பதாவது படிக்கிறாள், என் அணியில் எதிராளி கோட்டுக்குள் போய்த் தொட்டுவிட்டு வருவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அம்மா முதுநகர் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். சனிக்கிழமை காலை எட்டு மணி, வியாபாரம் உச்சத்தில். நான் ஈரத் தரையில் நின்றுகொண்டு, பனி, மலை, பலகை, சரிவு என்று சொன்னேன். அவர் சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டே கேட்டார். குளிரைப் பற்றிக் கேட்கவில்லை, தூரத்தைக் கேட்கவில்லை, எதற்கு என்றும் கேட்கவில்லை. கையைத் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினார். பேனாவை வாங்கியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"டீச்சர், வுழுவாளா?"

பொய் சொல்ல மனசு வரவில்லை. "விழுவாம்மா. நெறைய தடவ விழுவா."

"எழுந்திரிக்க சொல்லிக் குடுப்பீங்கல்ல?"

"அததான் மொதல்ல சொல்லித் தருவேன்."

அவர் தலையை ஆட்டிவிட்டு, தாளில் மீன் வாடை படாமல் ஓரமாகப் பிடித்து, பெயரை எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டார். நாலு மாதமாக இந்த விஷயத்தில் எனக்கு எத்தனையோ பேர் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். எழுந்திருக்கச் சொல்லித் தருவீர்களா என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.